கை இறங்கும்வரை

குருவி மூச்சு எடுத்தாள், பாட்டு மெலியவில்லை. முதலில் உறுத்தியது அதுதான்.

பாட்டின் கடைசி ஸ்வரம் அது. எல்லோருமாகச் சேர்ந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். உதட்டோரமாகக் காற்றை உள்ளே இழுத்த அந்த நொடியில் அவள் நின்ற பக்கம் சத்தம் கொஞ்சம் இளைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அவளுக்கு இடது பக்கம் பாடுவதற்கு ஆள் இல்லை. அங்கே அவளுடைய மகள்தான் நின்றிருந்தாள், அதுவும் வாய் நிறைய பிஸ்கட்டுடன். ஆனாலும் இடது காதுக்குப் பக்கத்தில் மெல்லிய குரல் ஒன்று அறுபடாமல் ஓடிக்கொண்டிருந்தது. குருவி மறுபடி பாடத் தொடங்கியதும் அது நின்றது. நின்ற இடத்தில் யாரோ காற்றை உறிஞ்சும் சின்னச் சத்தம் கேட்டது.

பழைய தேவாலயக் கட்டடம், எதிரொலிக்குக் கேட்கவா வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சின்ன வயதில் அந்தத் தேவாலயத்தின் இளைஞர் பாடகர் குழுவில் இருந்தவர்கள் யாருக்கும் அந்தக் கடைசி ஸ்வரம் மறக்காது. 'நீட்டல்' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஆர்கன் வாசித்த மாஸ்டர் எந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தாலும் கடைசியில் ஒரு நீட்டல் இல்லாமல் விடமாட்டார். அவர் வலது கையை உயர்த்தி விரல்களை விரித்து நிற்பார். கை விரிந்திருக்கும்வரை நீட்டல் அறுபடக் கூடாது. அதற்காக எல்லோரையும் ஜோடி ஜோடியாக நிறுத்தியிருந்தார். ஒருவர் மூச்சு எடுக்கும்போது ஜோடி பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து மூச்சு எடுத்தால் அன்றைக்குத் தொலைந்தது. நாற்காலிகளை அடுக்கும் வேலை அவர்கள் தலையில் விழும்.

அவர் விரல்களை மடக்கினால் குரல் நிற்கும். ஆனால் அதோடு முடியாது. மடக்கிய கை கீழே இறங்கும்வரை யாரும் மூச்சுகூட எடுக்கக் கூடாது. அந்த அமைதியும் பாட்டில் சேர்ந்ததுதான் என்பார். அப்படி ஒரு முறை அமைதி காத்துக் காத்து, இப்போது பஸ் ஓட்டுகிற தடியன் கண் சொருகி விழுந்து, தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டியதாயிற்று.

குருவியின் ஜோடி மெழுகு. எந்த வெயிலிலும் ஜில்லென்றிருக்கும் கை, வெளுத்த முகம், அதனால் அந்தப் பெயர். வாயைத் திறந்தால் பாட்டுதான், பேச்சு கிடையாது. எல்லோருக்கும் நீட்டல் பிடிக்கும். அவளுக்கு அதற்குப் பின்னால் வரும் அமைதிதான் பிடிக்கும். ஒரு நாள் மாஸ்டர் கையை இறக்கப் போகும்போது ஓடிப்போய் அவர் மணிக்கட்டைக் கீழேயிருந்து இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்ச நேரம், மாஸ்டர்" என்றாள். குழுவே முகம் சிவந்து, சிரிப்பும் மூச்சும் முட்டிக்கொண்டு நின்றது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

போன மழைக்காலத்தில் மெழுகு போய்விட்டாள். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதாம். அடக்கத்துக்குப் போக முடியாதபடி செய்தி தாமதமாக வந்தது. குருவி, தான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையின் பின்னறையில் போய் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கல்யாணம், பிள்ளை, வேலை என்று ஆன பிறகு ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லையே என்று மனது அடித்துக்கொண்டது.

இப்போது தேவாலயத்தையும் இடிக்கப் போகிறார்கள். குழுவில் இருந்த வக்கீல் எப்படியோ பேசிச் சாவியை வாங்கிவிட்டாள். மத்தியானம் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். தொப்பை, நரை, மூக்குக் கண்ணாடி. குருவி என்ற பெயருக்கும் தனக்கும் இப்போது என்ன சம்பந்தம் என்று அவளே இடுப்பைக் காட்டிச் சிரித்தாள். பெஞ்சுகளைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்; அவை கிடந்த இடங்களில் தரை மட்டும் வெளுத்திருந்தது. கடைசியாக ஒரு பாட்டு பாடலாம் என்றதும் யாரும் சொல்லாமலே அவரவர் பழைய இடத்தில் போய் நின்றார்கள். ஒரு இடம் காலியாக இருந்தது. மகள் பிஸ்கட் பொட்டலத்தோடு வந்து அதில் நின்றுகொண்டாள்.

"மெழுகு இடத்துக்கு ஆள் வந்தாச்சு" என்றாள் வக்கீல். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பாட்டு நன்றாகத்தான் போனது. நீட்டலும் வந்தது. மாஸ்டர் காலமாகிப் பல வருஷம் ஆயிற்று. இதை யார் மூடுவது என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. இழுத்துக்கொண்டே நின்றார்கள். அப்போது தடியனின் சட்டைப் பையில் போன் அடித்தது. சேவல் கூவும் சத்தம். தேவாலயத்தில் சேவலா என்று வக்கீல்தான் முதலில் சிரித்தாள். அவ்வளவுதான், பாட்டு கொல்லென்று சிதறிப்போனது. சிரித்து, கண்ணைத் துடைத்து, படம் எடுத்து, கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

பஸ்ஸில் மகள் வழக்கத்துக்கு மாறாக வாய் திறக்காமல் வந்தாள். இறங்கும் இடம் நெருங்கும்போதுதான் கேட்டாள்.

"அம்மா, அந்த ஆன்ட்டி கை ஏன் அவ்ளோ ஜில்லுன்னு இருக்கு?"

"எந்த ஆன்ட்டி?"

"என் பின்னாடி நின்னாங்களே. என் நெஞ்சுல கைய வச்சுக்கிட்டே இருந்தாங்க. எப்ப மூச்சு எடுக்கணும்னு சொல்லித் தர்றாங்களாம்."

வக்கீலாக இருக்கும், குளிர்பானப் பாட்டிலைப் பிடித்திருந்த கை, என்று குருவி பதில் சொன்னாள். சொல்லும்போதே, வக்கீல் நின்றது எதிர்ப்பக்கம் என்பது நினைவுக்கு வந்தது. வந்ததை அப்படியே தள்ளிவிட்டாள்.

மூன்றாம் மாடியில் வீடு. கணவனுக்கு பேக்கரியில் மாலை ஷிப்ட், வர நேரமாகும். மகள் சாப்பிட்டுப் படுத்த கையோடு தூங்கிப்போனாள். குருவி பாத்திரம் கழுவினாள், துணி மடித்தாள், சன்னலுக்கு வெளியே இருட்டு மெல்லக் கீழிருந்து மேலே ஏறி எதிர்க் கட்டடத்தின் மாடிகளை ஒவ்வொன்றாக விழுங்குவதைப் பார்த்தாள். வீட்டில் சோப்பு வாசனையோடு வேறு ஏதோ வாசனையும் இருந்தது, அப்போதுதான் அணைத்த மெழுகுவர்த்தியின் வாசனை. இந்த வீட்டில் மெழுகுவர்த்தியே கிடையாது. ஒருவேளை தேவாலயத்திலிருந்து சேலையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்று நினைத்துச் சேலையை மாற்றினாள். வாசனை போகவில்லை.

மகளுக்கு இளைப்பு உண்டு. மருந்தடிக்கும் குப்பி தலைமாட்டிலேயே இருக்கும். அவள் தூங்கிய பிறகு முதுகில் காதை வைத்து மூச்சைக் கேட்டுவிட்டுத்தான் குருவி மறுவேலை பார்ப்பாள். இத்தனை வருஷத்தில் அந்த முதுகுக்குள் ஓடும் காற்றின் ஒவ்வொரு கீச்சும் அவளுக்கு அத்துப்படி. இன்றைக்கும் குனிந்து காதை வைத்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

பகீரென்று அவள் காற்றை உள்ளே இழுத்தாள். அப்போது கேட்டது. மூடிய வாய்க்குள்ளிருந்து, மெல்லியதாக, அறுபடாமல், ஒரே ஸ்வரம். மத்தியானம் விட்டுவிட்டு வந்த அதே ஸ்வரம்.

குருவி மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். ஸ்வரம் நின்றது. மகளின் சின்ன நெஞ்சு உயர்ந்தது. காற்று உள்ளே போயிற்று.

குருவி மூச்சு எடுத்தாள். மகளின் நெஞ்சு அப்படியே நின்றது. ஸ்வரம்.

நிறுத்தினாள். நெஞ்சு உயர்ந்தது.

உலுக்கினாள். கன்னத்தில் தட்டினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மகள் கண் திறக்கவில்லை. குப்பியை எடுத்து வாயில் வைத்தால் உதடுகள் ஒட்டவைத்ததுபோல் இறுகியிருந்தன. பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தெரு முனையில் டாக்டர் இருக்கிறார், மூன்று மாடிதானே. ஆனால் தூக்கிய கனத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. மூச்சு வாங்க வாங்க, காதோரம் அந்த ஸ்வரம் இடைவெளியே இல்லாமல் நீண்டது. கதவுக்குப் பக்கத்தில் விளக்கு வெளிச்சத்தில் திரும்பிப் பார்த்தாள். மகளின் உதட்டோரம் நீலம் ஏறியிருந்தது.

அங்கேயே தரையில் கிடத்தினாள். வாயைப் பொத்திக்கொண்டாள். தன் மூச்சை அடக்கினாள். நெஞ்சு வெடிக்கும்வரை அடக்கினாள். மகள் ஒரு முறை, இரண்டு முறை, ஆழமாக இழுத்தாள். நீலம் கொஞ்சம் கலைந்தது.

போனை எடுத்தாள். கணவன் எடுக்கவில்லை. விரல் பட்டது தடியனின் எண்ணில்.

"என்ன குருவி, வீடு போய்ச் சேந்தியா?" டிப்போவில் இருந்தான், பின்னால் எஞ்சின் உறுமியது. "பின்னாடி யாரு பாடறது?"

அவள் மூச்சு எடுத்திருந்தாள். அவனுக்கும் கேட்கிறது.

அவன் குரல் தணிந்தது. "மெழுகு குரல் மாதிரியே இருக்கே."

"பாப்பாவுக்கு மூச்சு வரல. நாம" என்றாள். நிறுத்தினாள். மகள் காற்றை இழுத்தாள். "மூடினோமா?"

"எதை?"

"நீட்டலை."

எஞ்சின் சத்தம் தூரமானது. "இல்ல" என்றான். "சேவல் கூவிடுச்சு. சிரிச்சுட்டு வந்துட்டோம்." "நீ மூடிடு, குருவி. மாஸ்டர் மாதிரி நடிச்சுக் காட்டுவியே, அப்படியே கைய உசத்தி மூடு. நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு அங்க வரேன்."

போனைத் தரையில் வைத்தாள். பயத்தில் பைத்தியம் பிடித்ததுபோல் இருந்தது; ஆனால் செய்வதற்கு வேறு எதுவும் இல்லை. மகளுக்கு எதிரே மண்டியிட்டாள். வலது கையை உயர்த்தினாள். விரல்களை விரித்தாள்.

மெழுகுவர்த்தி வாசனை அறை முழுக்க நிறைந்தது. ஸ்வரம் இப்போது மகளிடமிருந்து மட்டும் வரவில்லை. குருவியின் இடது காதருகே. அலமாரிக்குப் பின்னால். தண்ணீர்க் குழாய்க்குள்.

விரல்களை மடக்கினாள்.

நின்றது. எல்லாமே நின்றது. குழாய் சொட்டுவது நின்றது. தெருவின் இரைச்சல் நின்றது. அவள் நெஞ்சுக்குள் பாதி வழி போன காற்று அங்கேயே நின்றது. அப்பாடா, முடிந்தது. இனி கையை இறக்கினால் போதும். இறக்கினால் மகள் மூச்சு எடுப்பாள்.

மகள் கண்களைத் திறந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. உயர்ந்து நிற்கும் அந்தக் கையைப் பார்த்தாள்.

குருவி கையை இறக்கினாள்.

இறங்கவில்லை.

மணிக்கட்டுக்குக் கீழே ஜில்லென்றிருந்தது. ஒரு கை. பிறகு இன்னொரு கை. கனமே இல்லாமல், கெஞ்சுவதுபோல், தாங்கிப் பிடித்திருந்தன. அவள் பலம் முழுவதையும் கூட்டி அழுத்தினாள். கை அங்கேயே நின்றது.

தரையில், விளக்கின் கீழ், மகளின் உதடுகள் மெல்ல நீலமாகிக்கொண்டிருந்தன. அவள் திமிறவில்லை, அழவில்லை. சொல்லிக்கொடுத்ததை மறக்காத நல்ல பிள்ளையாக, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணிமைக்காமல், அம்மாவின் கை இறங்குவதற்காகக் காத்திருந்தாள்.