தௌனோவுக்கு ஒரு சீட்டுக்கட்டு

மெர்வி வரைந்தபோது சீட்டில் தௌனோ கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. துறவிச் சீட்டு அது. கையில் விளக்கு, முதுகில் கிட்டார், தாழ்ந்த இமைகள். அந்த இமைகளைச் சரியாக வரைய அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிடித்தது. இப்போது ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் காலை ஷிஃப்டை முடித்துவிட்டு, ஆவியில் ஊறிச் சுருங்கிய விரல்களோடு வீட்டுக்கு வந்து சமையலறை விளக்கைப் போட்டால், மேஜைமேல் கிடந்த அந்தச் சீட்டில் தௌனோ நிமிர்ந்து பார்த்தார்.

முகத்தில் கோபம் இல்லை. யாரோ உள்ளே வரும் சத்தம் கேட்டு நிமிர்ந்தவர்போல இருந்தார்.

அசதி, என்று மெர்வி நினைத்தாள். சீட்டைக் குப்புறப் போட்டுவிட்டுக் காபி வைத்தாள். டிசம்பர் பிறந்ததிலிருந்து வட பின்லாந்தின் இந்தக் கெமி ஊரில் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு இருட்டிவிடுகிறது. அந்த இருட்டு எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. அவளுக்குத் தூங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஓயிலியும் ரிஸ்தோவும் வந்துகொண்டிருந்தார்கள்.

தௌனோ ஹல்லா இந்தக் கடற்கரையின் பாட்டுக்காரர். வசந்தத்தில் செத்துப்போனார். நாடு அவரை மறந்து வெகுகாலம் ஆகியிருந்தது, மறக்காதவர்களில் இவர்கள் மூன்று பேர். அவருடைய முதல் நினைவு நாளுக்கு ரசிகர்கள் எல்லோருக்கும் குறி பார்க்கும் டாரட் சீட்டுக்கட்டு ஒன்று கொடுக்கலாம், ஒவ்வொரு சீட்டிலும் தௌனோவே இருக்கட்டும் என்பது ரிஸ்தோவின் யோசனை. ஓயிலிக்கு அது துளியும் பிடிக்கவில்லை. மாதிரிக்குச் சில சீட்டுகளை மெர்வி வரைந்திருந்தாள். செய்வதா விடுவதா என்று இன்று முடிவெடுக்க வேண்டும்.

"பாருங்க, என்ன அழகு!" என்றான் ரிஸ்தோ, வந்ததும் வராததுமாகச் சீட்டுகளைப் பரப்பி. "முட்டாள் சீட்டுல சின்ன வயசு தௌனோ. மந்திரவாதி சீட்டுல மேடை தௌனோ. மெர்வி, உன் கைக்கு முத்தமே குடுக்கலாம்."

"மரணச் சீட்டுல?" என்றாள் ஓயிலி, கோட்டைக்கூடக் கழற்றாமல். "செத்த மனுஷன் மூஞ்சிய அதுலயும் ஒட்டப்போறியா?"

"அது சாவு இல்ல ஓயிலி, மாற்றம். டாரட் தெரிஞ்ச யாரை வேணா கேளுங்க."

"நான் இருபது வருஷம் முதியோர் இல்லத்துல வேலை பாத்தவ. சாவுன்னா என்னன்னு எனக்கு நீ சொல்லித்தராத, தம்பி."

ரிஸ்தோ சிரித்தான். ஏலக்காய் பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். மெர்வி காபி ஊற்றினாள். ஊற்றும்போதுதான் ஒரு ரீங்காரம் கேட்டது. முதலில் ஹீட்டர் குழாயிலிருந்து வருகிறது என்று நினைத்தாள், பிறகு பிரிட்ஜிலிருந்து. மேஜையில் முழங்கையை ஊன்றியதும் மரத்துக்குள்ளிருந்து எலும்புக்கு ஏறியது. தாழ்ந்த, நீண்ட, மூச்சு விடாத ஒற்றைச் சுரம். வாயை மூடிக்கொண்டு யாரோ பாட முயல்வதுபோல.

"உங்களுக்குக் கேக்குதா?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

"தூங்கு மெர்வி," என்றாள் ஓயிலி, கோட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்தபடி. "உன் கண்ணைப் பாத்தா எனக்கே கொட்டாவி வருது."

மெர்வி அதை மாட்ட வாசல் நடைக்குப் போனாள். விளக்கைப் போடவில்லை. சமையலறை வெளிச்சமே போதும். கொக்கியில் அவளுடைய கோட்டு. பக்கத்தில் ரிஸ்தோவின் தடித்த ஜாக்கெட். அதற்கும் பக்கத்தில் ஒன்று. நீளமானது, கறுப்பு. ஈரக் கம்பளியின் வாடை, அதற்கடியில் பழைய புகையிலை. அதன் ஓரத்திலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு வாரமாக உலர்ந்த பனி, எதுவும் உருகவில்லை.

மெர்வி ஓயிலியின் கோட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். சொன்னால் ரிஸ்தோ சிரிப்பான். சிரிப்புக்குப் பதில் சொல்லக்கூட அவளிடம் தெம்பில்லை. சுவரோரம் இருந்த தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவரோட கடைசி வாரம்," ஓயிலி சொல்லிக்கொண்டிருந்தாள், "எங்க இல்லத்துல அவரு ரூம்ல இருந்த போஸ்டரையெல்லாம் கழட்டச் சொன்னாரு. என் மூஞ்சி எனக்கே சலிச்சுப்போச்சு ஓயிலின்னாரு. அவரை விட்டுடுங்க. ஓயட்டும் அந்த மனுஷன்."

ரிஸ்தோ பன்னைக் கீழே வைத்தான்.

"கழட்டினப்புறம் நிம்மதியா இருந்தாரா?" என்று கேட்டாள் மெர்வி.

ஓயிலி கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இல்ல," என்றாள் மெதுவாக. "வெறும் சுவத்தைப் பாத்து அழுதாரு. திருப்பி மாட்டு, மாட்டுன்னு கெஞ்சினாரு. நான் மாட்டல."

ரீங்காரம் நின்றது.

அது நின்ற பிறகுதான் வீடு எவ்வளவு அமைதி என்று தெரிந்தது.

"சரி, ஓட்டு போட்டுடலாம்," என்றான் ரிஸ்தோ. "செய்யலாம்கிறவங்க கை தூக்குங்க." தன் கையைத் தூக்கினான். ஓயிலி இரண்டு கைகளையும் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். இருவரும் மெர்வியைப் பார்த்தார்கள்.

அவள் முடிவு செய்துவிட்டாள். வேண்டாம். எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிடலாம். சொல்ல வாயெடுத்தாள்.

வலது கை மடியிலிருந்து எழுந்தது.

அவள் தூக்கவில்லை. மணிக்கட்டைச் சுற்றிச் சில்லென்று, பிழியாத துணியைச் சுற்றியதுபோல ஒரு பிடி. கை தோளுக்கு உயர்ந்தது. தலைக்கு மேல் உயர்ந்தது.

"ரெண்டுக்கு ஒண்ணு!" ரிஸ்தோ மேஜையைத் தட்டினான்.

"நீயுமா மெர்வி?" என்றாள் ஓயிலி. அவள் குரலில் கோபம்கூட இல்லை. கோட்டை எடுத்துக்கொண்டாள். போகாதே என்று சொல்ல மெர்வியால் முடியவில்லை. நாக்கு பாரமாகக் கிடந்தது. வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று ரிஸ்தோ பின்னாலேயே ஓடினான். கதவு சாத்திக்கொண்டது. படிகளில் காலடிச் சத்தம் தேய்ந்தது.

கை இறங்கியது. பேனாவை எடுத்தது. வெற்றுச் சீட்டு ஒன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

மெர்வி அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். கறுத்த கண்ணாடியில் விளக்கு. மேஜை. அவள். அவளுக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு ஆள் நிற்க இடமே இல்லாத அந்தச் சந்தில், குனிந்து நிற்கும் ஒரு நீண்ட உருவம். அதன் கை அவள் கைமேல். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. தாளைப்போல வெளுப்பு.

பேனா நகர்ந்தது. மேலுதடு. கீழுதடு. அவசரமே இல்லாமல்.

பேனா நின்றது.

ஜன்னலில், அவள் தோளுக்கு மேலே, கண்ணும் மூக்கும் இல்லாத அந்த வெளுப்பில் ஒரு வாய் மட்டும் மெல்லத் திறந்தது.