அம்புக்குறியின் வேகம்

நேற்று சாயங்காலம் நட்டநடுவில் வைத்த உருண்டை, இன்று மறுபடியும் இடது ஓரத்தில் கிடந்தது.

ரூத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். மவுஸ் செட்டிங்ஸில் வேகத்துக்கென்று ஒரு கோடு, கோட்டின் மேல் சின்னதாக ஓர் உருண்டை. வலது பக்கம் தள்ளினால் அம்பு பறக்கும். இடது பக்கம் தள்ளினால் நகரவே யோசிக்கும். இப்போது யோசித்துக்கொண்டிருந்தது. திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போக, மவுஸை நாலு தடவை தூக்கித் தூக்கி வைத்து இழுக்க வேண்டியிருந்தது. வீட்டில் அவளைத் தவிர ஆள் கிடையாது. வேறு யார் மாற்றியிருக்க முடியும்?

பெங்களூரில் இருக்கும் ஒரே மகன் ஜெய்சனுக்குப் போன் போட்டாள். இந்தப் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் அவன்தான்.

"அது தானா எப்பிடிம்மா மாறும்? இன்னும் அப்பா லாகின்லயே போறீங்கள்ல, அதுல ஏதாச்சும் கோளாறா இருக்கும். உங்களுக்குன்னு ஒண்ணு போட்டுக்கங்க. ஆளுக்கு ஆள் வேகம் தனித்தனி."

போட்டாள். புதுப் பெயர், புது பாஸ்வேர்டு. உருண்டையை நடுவில் வைத்துவிட்டு எழுந்தாள். மறுநாள் திறந்தபோது அது இடது ஓரத்தில் இருந்தது.

பயந்திருக்க வேண்டும். ஆனால் வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்கு வந்தது சந்தோஷம். மூன்று மாதமாக ஒரு தட்டு, ஒரு டம்ளர், பசுமலைத் தெருவில் அடுத்த வீட்டுக் குக்கர் சத்தம் மட்டும் என்று கிடந்தவளுக்கு, தன் வீட்டுக்குள் இன்னொருவர் ஒரு பொருளைத் தொட்டிருக்கிறார் என்பதே பெரிய விஷயமாக இருந்தது.

ஏனென்றால் அந்த இடது ஓரம் இன்பசேகரனுடையது. நடுக்கவாதம் வந்து அவள் புருஷனுக்குக் கை ஆட ஆரம்பித்த பிறகு, டச் போனில் ஒன்றைத் தொட்டால் பத்து திறந்தது. கம்ப்யூட்டரில் வேகத்தை அடியோடு குறைத்ததும், கை என்ன ஆட்டம் ஆடினாலும் அம்பு லேசாகத்தான் நடுங்கியது. தினமும் ஐந்து மணிக்கு ஜெய்சன் வீடியோவில் கூப்பிடுவான். அம்பைத் தானே ஓட்டிக்கொண்டுபோய்ப் பச்சைப் பொத்தானை அழுத்துவதில் மனிதருக்கு அத்தனை பெருமை. "கொண்டுபோயிட்டேன் பாத்தியா" என்பார்.

பிறகு அந்த ஞாயிறு. சர்ச்சில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்கு அறிக்கை அடிக்க உட்கார்ந்தவள், ஊர்கிற அம்பைப் பார்த்து எரிச்சலாகி உருண்டையை வலது கோடிக்குத் தள்ளினாள். கிளம்பும்போது, பழையபடி வைத்துவிட்டுப் போகச் சொல்லி அவர் கேட்டார். அன்று காலையிலிருந்து தண்ணீர், தலையணை, ஃபேன் என்று நாற்பது தடவை கூப்பிட்டிருந்தார். "இன்னைக்கு ஒருநாளாவது பேசாம கிடங்க" என்று சொல்லிவிட்டு, தன் போனை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

திரும்பி வந்தபோது அதே நாற்காலியில், மவுஸின் மேல் கை வைத்தபடி, குளிர்ந்து போயிருந்தார். திரையில் ஜெய்சனின் பெயரும் பச்சைப் பொத்தானும் இருந்தன. அம்பு எங்கோ மேல் மூலையில் ஒட்டிக் கிடந்தது. அக்கம்பக்கத்தைக் கூப்பிடும் முன் ரூத் செய்த முதல் காரியம், உருண்டையை இடது ஓரத்துக்குக் கொண்டுபோய் வைத்தது. "நான் கூப்பிட்டப்ப அப்பா ஏம்மா எடுக்கல" என்று மகன் குலுங்கிக் குலுங்கி அழுதபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

அதனால் இப்போது வேகத்தை மாற்றுவதை விட்டுவிட்டாள். ஜெய்சன் இப்போதும் ஐந்து மணிக்குத்தான் கூப்பிடுவான்; அவள் நாலு மணிக்கே காப்பியோடு வந்து உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பாள். அம்பு தானாக லேசாக நடுங்கும். எங்கிருந்தோ அவருடைய தைல வாசனை வரும். துணைக்கு ஆள் இருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை நாலே முக்காலுக்கே இருட்டிக்கொண்டு வந்தது. திருப்பரங்குன்றம் பக்கம் இடி உருண்டது, ஜன்னல் கதவு இரண்டு தரம் அடித்துக்கொண்டது, கரண்ட் போனது. கம்ப்யூட்டரையும் நெட்டையும் தாங்கிக்கொண்டு மேஜைக்கடியில் யூபிஎஸ் பீப் பீப் என்று கத்த, அந்த அறையில் வெளிச்சமென்று திரை மட்டும் மிஞ்சியது. தைல வாசனை இன்று தொண்டையில் இறங்குகிற அளவுக்கு நெடியாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"ஏங்க. அன்னைக்கு மாத்தி வைக்க மறந்துபோச்சுங்க. மனசுல வச்சுக்காதீங்க."

தனியாக இருக்கும்போதுகூட அவளுக்கு உண்மை வரவில்லை.

அம்பின் நடுக்கம் நின்றது.

நகர்ந்தது. செட்டிங்ஸ் திறந்தது. உருண்டையைப் பிடித்தது. நேராக, அவசரமில்லாமல், வலது பக்கம் இழுத்தது. பாதி. முக்கால். கோடி.

பீப். பீப்.

ஐந்து மணி. ஜெய்சனின் பெயர் திரையில் வந்தது. மணி அடித்தது.

ரூத் மவுஸைப் பிடித்தாள். அம்பு மேல் மூலைக்குப் பறந்தது. இழுத்தாள். கீழ் மூலை. பச்சைப் பொத்தானைத் தாண்டியது. திரும்பவும் தாண்டியது. நெஞ்சுக்குள் ஏதோ முறுக்கியது. இடது தோளிலிருந்து வலி கீழே இறங்கியது. போன் முன்னறையில் கிடந்தது. எழுந்திருக்கக் கையை எடுத்தாள்.

கை வரவில்லை.

அதன் மேல் குளிர்ச்சியாக ஒன்று இருந்தது. கனமாக. அவள் வாரம் தவறாமல் நகம் வெட்டிவிட்ட விரல்கள்.

கத்த வாயைத் திறந்தாள். பிடரியில் தைல வாசனை மூச்சாகப் பட்டது.

"இன்னைக்கு ஒருநாளாவது பேசாம கிட."

மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மவுஸின் மேல் இரண்டு கைகள் இருந்தன. மேலே இருந்த கை ஆடவே இல்லை. ஆடியது அடியில் இருந்த கைதான்.