பரங்கிக்குச் சளி

பரங்கி முதல் முறை தும்மியபோது சபீனா சிரித்துவிட்டாள். பூனை தும்மி அவள் பார்த்ததே இல்லை. அடுத்த தும்மலில் சளி அவள் கணக்குப் புத்தகத்தில் தெறித்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

பரங்கிக்காய் நிறத்தில் இருந்ததால் அதற்கு அந்தப் பெயர். எப்போதும் வீடு முழுக்க ஓடும் பூனை, இன்று துணிக்கூடைக்குள் சுருண்டு கிடந்தது. மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது.

பூனைக்குச் சளி பிடித்தால் என்ன செய்வது? ஆவடி சேக்காட்டில் அவர்கள் இருந்த அடுக்குமாடியில் இதற்கு ஆளுக்கொரு பதில் இருந்தது. மேல்மாடி சாவித்திரி ஆன்ட்டி மஞ்சள் போட்ட பால் கொடுக்கச் சொன்னார். பால் கொடுத்தால் சளி அதிகமாகிவிடும் என்றான் எதிர்வீட்டு ஸ்ரீநாத். சபீனா கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே போனபோது, வாட்ச்மேன் வேம்புலி அண்ணன் அதற்குள் எட்டிப் பார்த்தார்.

"பயப்படாத பாப்பா. மூக்காண்ட கொஞ்சம் தைலம் தேய்ச்சுவுடு. எனக்கு அதான் கேக்குது" என்றார்.

வீட்டுக்குள் வந்தால், அத்தா தன்னுடைய சளி மாத்திரையை எடுத்து வைத்திருந்தார். அதில் ஒரு சின்னத் துண்டு கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார்.

சபீனாவுக்குத் தலை சுற்றியது. எல்லோரும் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் எது சரி? பரங்கியிடம் கேட்கவும் முடியாது.

"வேணாம்த்தா. அது நமக்கான மாத்திரை. டாக்டர்கிட்ட கேட்டுட்டே கொடுக்கலாம்" என்றாள்.

அத்தா கொஞ்சம் யோசித்தார். பிறகு மாத்திரையை உள்ளே வைத்துவிட்டு ஆட்டோ கூப்பிட்டார்.

கால்நடை மருத்துவர் வரலட்சுமி பரங்கியின் வாயைத் திறந்து பார்த்தார், நெஞ்சில் கருவி வைத்துக் கேட்டார். சளிதான் என்றார். மனிதர்களின் மாத்திரையும் தைலமும் பூனைக்கு விஷம் மாதிரி, கொடுக்காமல் வந்தது நல்லது என்றார். அத்தா சுவரில் இருந்த நாய்ப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

மருந்து கொடுத்துவிட்டு டாக்டர் சொன்னார்: "இது சாப்பிடணும், அதுதான் முக்கியம். நாளைக்கும் சாப்பிடலேன்னா கூட்டிட்டு வாங்க. ட்ரிப்ஸ் ஏத்த வேண்டியிருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா, வேகவைத்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்த மீனை எடுத்துத் தட்டில் போட்டார். பரங்கி எழுந்து வந்தது. தட்டில் மூக்கை வைத்தது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கூடைக்கே திரும்பிப் போய்விட்டது.

பசி இல்லை போலிருக்கிறது என்றார் அம்மா. ஆனால் சிறிது நேரத்தில் அது மறுபடி வந்தது, மறுபடி மூக்கை வைத்தது, மறுபடி போனது.

சபீனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பசி இல்லையென்றால் ஏன் வருகிறது? பசி இருந்தால் ஏன் தின்னாமல் போகிறது? அவள் தரையில் படுத்து, பரங்கி செய்தது போலவே தட்டருகே மூக்கைக் கொண்டுபோனாள்.

ஜில்லென்று இருந்த மீனில் வாசனையே வரவில்லை. மூக்கு அடைக்காத அவளுக்கே வரவில்லை. போன மாதம் அவளுக்குச் சளி பிடித்திருந்தபோது, பிரியாணிகூட வெறும் சோறு மாதிரிதான் இருந்தது.

"அம்மா, மீனைச் சூடு பண்ணிக் கொடு. இது என்னன்னே அதுக்குத் தெரியல" என்றாள்.

அம்மா அடுப்பைப் பற்றவைத்தார். அதற்குள் சபீனா வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, பரங்கியின் மூக்கில் காய்ந்து ஒட்டியிருந்ததை மெல்லத் துடைத்தாள். பரங்கி உறுமியது. "முடிஞ்சிடுச்சு, முடிஞ்சிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே துடைத்து முடித்தாள்.

மீன் வாசனை வீடெல்லாம் பரவியது. எதிர்வீட்டிலிருந்து ஸ்ரீநாத் வந்து, என்ன சமையல் என்று கேட்டான். சபீனா உதட்டில் விரல் வைத்து அவனை உட்காரச் சொன்னாள். மீனைத் தொட்டுப் பார்த்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் தட்டைத் தரையில் வைத்தாள்.

பரங்கியின் காதுகள் நிமிர்ந்தன. மெதுவாக வந்தது. மூக்கை வைத்தது. ஒரு தும்மல் போட்டது. பிறகு ஒரு வாய் தின்றது. இன்னொரு வாய்.

யாரும் அசையவில்லை. தட்டு காலியாகும் வரை அத்தாகூட மூச்சுவிடப் பயந்தது போல நின்றிருந்தார்.

தட்டை நக்கி முடித்த பரங்கி, சபீனாவிடம் வந்து அவள் விரலையும் மெல்லக் கடித்துப் பார்த்தது.

"அது மீன் இல்ல பரங்கி, என் விரல்" என்றாள் சபீனா. ஆனால் கையை எடுத்துக்கொள்ளவில்லை.