காயாத பசை

பெஹாலாவில் முடியும் தறுவாயில் இருந்த தங்கள் புது வீட்டைப் பார்க்க, ஜலஜா ஐந்து வயது மகள் ஹம்சினியோடு பிற்பகலில் வந்தாள். கணவர் பத்மநாபன் கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் இருந்தார்.

இரண்டாம் மாடி மேற்கு அறையில், ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே நிமாய் மிஸ்திரி சிலிக்கோன் பசையை இழுத்து முடித்திருந்தார். அறையெங்கும் வினிகர் நெடி.

"பௌதி, காய ஒரு நாள் ஆகும். அதுவரை ஜன்னலைத் திறக்க வேண்டாம்," என்று, அவளை வங்காள வழக்கப்படி அண்ணி முறையில் அழைத்துச் சொன்னவர், பிரித்த சாரத்தின் மூங்கில்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

சற்று நேரத்தில் வானம் கறுத்தது. கால்பைசாகி, கோடையின் திடீர்ப் புயல்மழை. காற்று ஊளையிட, மழை கண்ணாடியில் அறைந்தது.

ஜலஜா செல்போன் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரங்களைத் தடவிப் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூட ஈரமில்லை.

டக். டக்.

வெளியிலிருந்து யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

வெளியே சாரமில்லை. பால்கனியும் இல்லை.

"ஜலஜா, தொற. நனையறேன்."

பத்மநாபனின் குரல்.

"அம்மா, அப்பா நனையறார்!" ஹம்சினி தாழ்ப்பாளை எட்டினாள். ஜலஜா அவளை இழுத்து அணைத்துக்கொண்டு கணவருக்குப் போன் செய்தாள்.

"ஆபீஸ்லதான் இருக்கேன். ஏன் உனக்கு இப்படி மூச்சு வாங்கறது?"

ஜன்னலின் அடியில் பசை நெளிந்தது. யாரோ வெளியிலிருந்து பிடித்து உருவுவதுபோல, அந்த வெள்ளைக் கோடு மெல்ல மெல்ல அந்தப் பக்கம் போய் மறைந்தது.

விரலளவு இடுக்கு.

அதை உள்ளங்கையால் பொத்தினாள்.

சில்லென்று ஒரு விரல் அவள் உள்ளங்கையை நிதானமாகத் தடவியது.

அலறியபடி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினாள்.

மழை விட்டதும், ஜலஜா போனில் அழைத்ததால், பத்மநாபனும் நிமாயும் பதறி வந்தார்கள். ஹம்சினி அம்மாவின் இடுப்பை விட்டு இறங்கவேயில்லை. எல்லோரும் சேர்ந்தே மாடிக்குப் போனார்கள். அறை காலியாக இருந்தது. தரை காய்ந்து கிடந்தது.

நிமாய் இடுக்கில் புதிதாகப் பசையிட்டு விரலால் அழுத்தி நீவினார். "இனி எதுவும் உள்ளே வராது, பௌதி."

எல்லோரும் வெளியே வந்தார்கள். பத்மநாபன் கதவைச் சாத்திப் பூட்டினார்.

"அம்மா, தொற," என்றது ஹம்சினியின் குரல், அறைக்குள்ளிருந்து.

ஜலஜாவின் இடுப்பில் இருந்த ஹம்சினி தூங்கிப்போயிருந்தாள்.