இரண்டு பேர் பயம்

மலை ஓட்டப் பந்தயத்தின் எழுபதாவது கிலோமீட்டர் முகாமில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி வாசுகி இரண்டு பேருடைய பயத்தைச் சுமந்துகொண்டிருந்தாள். ஒன்று அவளுடைய சொந்தப் பயம். மற்றது, மலைக்காட்டுப் பாதையில் ஓடிக்கொண்டிருந்த தோழி செலினுடையது.

மணிக்கட்டில் கட்டியிருந்த அச்சமாற்றியின் வேலை அது. ஓடுகிறவரின் மூளையில் பயம் எழுந்ததும் அதை உறிஞ்சி, துணைக்கு வந்தவரின் மூளைக்கு அனுப்பிவிடும். ஓடுகிறவர் நிம்மதியாக ஓடலாம். துணைக்கு வருகிறவருக்குப் 'பயந்தாங்கி' என்று பட்டப்பெயர் வேறு. தண்ணீரும் வாழைப்பழமும் நீட்டினால் நட்பு என்று ஒத்துக்கொண்ட காலமெல்லாம் மலையேறிப் போய்விட்டது.

போன வருடம் தாங்க முடியாமல் வாசுகி பாதியிலேயே பயத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாள். செலின் அறுபதாவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் மூன்று மாதம் பேசவில்லை. அதனால் இந்த முறை செலின் ஒரு பூட்டுப் போட்டிருந்தாள். அவளாகப் பொத்தானை அழுத்தினால்தான் பயம் திரும்பும், வாசுகியின் மணிக்கட்டுப் பட்டையில் பச்சை விளக்கு எரியும். "நீ கெஞ்சினாலும் நடக்காது புள்ள" என்று சிரித்தாள். வாசுகியும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்தாள்.

மதியம் மூன்று மணிக்கு வாசுகிக்குள் பயம் திடீரென்று ஏறியது. டீயைக் கீழே வைத்தாள். காதுப்பேசியில் கூப்பிட்டாள்.

"எங்கடி இருக்க?"

"ஓடைகிட்ட. மேல மழை போல. தண்ணி செம்மண் கலர்ல வருது. மரக்கிளையெல்லாம் அடிச்சிட்டு வருது, பாக்க நல்லாருக்கு."

"இறங்காத. அது வெள்ளம். அங்கயே நில்லு."

"இடுப்பளவுதான்டி. கயிறு கட்டியிருக்காங்க."

"சொன்னாக் கேளு செலின். பொத்தான அழுத்து. ஒரு நிமிசம் போதும். அப்புறமும் தாண்டணும்னு தோணுச்சுன்னா தாண்டு."

"எதுக்கு?"

பயத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் கொஞ்சம் பயம் வேண்டுமே. செலினிடம் ஒரு சொட்டுகூட விடாமல் எல்லாவற்றையும் வாசுகியே வாங்கி வைத்துக்கொண்டு அல்லவா உட்கார்ந்திருக்கிறாள்.

"நீ ரொம்பப் பயப்படற வாசு" என்றாள் செலின், பாசமாக. "வந்துர்றேன். சூடா ஏதாச்சும் எடுத்து வை."

அதற்குப் பிறகு காதில் தண்ணீரின் இரைச்சல் மட்டும் கேட்டது. வாசுகி முகாம் ஆட்களைக் கூப்பிட வாயைத் திறந்தாள். குரல் எழவில்லை. எழுந்து ஓடப் பார்த்தாள். கால் வரவில்லை. இரண்டு பேருடைய பயமும் அவளை நாற்காலியோடு சேர்த்து அழுத்தியது.

சட்டென்று அது குறைந்தது. மூச்சு சீராக வந்தது. கால்கள்கூட அசைந்தன.

வாசுகி மணிக்கட்டைப் பார்த்தாள். விளக்கு பச்சையாகவில்லை.

காலையிலிருந்து தன் பயம் எது, செலினுடைய பயம் எது என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இப்போது தெரிந்தது. உள்ளே மிச்சம் இருந்தது அவளுடைய சொந்தப் பயம் மட்டும்தான்.