யேஷியின் தலைக்கு மேல் நாலு விரல்

யேஷியின் தலைமேல் ஒரு பேய் உட்கார்ந்திருந்தது.

பெரிய பேய் என்று பயந்துவிடாதீர்கள். கோழிக்குஞ்சு அளவுதான் இருக்கும். சரியாக நாலு விரல் உயரம். அதற்கு மேல் அங்கே இடம் கிடையாது.

அது என்ன நாலு விரல் கணக்கு? சொல்கிறேன்.

அதற்கு முந்தின வருஷம் மழைக்காலத்தில் யேஷிக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. எங்கள் லாஸ்தா மலையில் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு ஆட்டுத்தோலில் சுருள் எழுதிக் கழுத்தில் கட்டுவார்கள். எழுத்தர் ஸாஹ்லு வந்தார். படுத்திருந்த யேஷியை உச்சி முதல் குதிகால் வரை கயிற்றால் அளந்தார். அதே நீளத்துக்குத் தோலை வெட்டித் தைத்தார். ஆள் நீளத்துக்குச் சுருள் இருந்தால்தான் ஆள் முழுவதற்கும் காவல் கிடைக்கும்.

சுருளின் உச்சியில் ஒரு தேவதூதரை வரைந்தார். இரண்டு சிறகு, ஒரு வாள், முகத்தில் பாதியை அடைக்கும் இரண்டு கண்கள். ஸாஹ்லுவுக்கு அன்று இன்னொரு வீட்டுக்கும் போக வேண்டியிருந்தது. அவசரத்தில் ஒரு புருவம் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. அதனால் அந்தத் தூதர் எப்போதும் ஏதோ அதிசயச் செய்தி கேட்டவர் போலவே இருந்தார். கீழே யேஷியின் ஞானஸ்நானப் பெயர், வலத்தா மிகாயேல். அதற்குக் கீழே குதிகால் வரை வேண்டுதல்.

யேஷி பிழைத்துக்கொண்டாள். அன்று முதல் தினமும் காலையில் சுருளைக் கொஞ்சம் பிரித்து, "நேத்தும் என்னைப் பார்த்துக்கிட்டதுக்கு நன்றி" என்று தூதரிடம் சொல்வாள். "இருக்கட்டும் மகளே" என்பார் அவர். அவர் பேசுவது யேஷிக்கு மட்டும்தான் கேட்கும்.

பிழைத்த பிள்ளை வளராமல் இருக்குமா? யேஷி நாலு விரல் வளர்ந்தாள். "பொண்ணு எப்படி வளர்ந்துட்டா பாரு" என்று ஊரே சொன்னது. ஆனால் சுருள் வளரவில்லையே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. காவல் அவள் நெற்றியோடு நின்றுபோனது. மேலே நாலு விரல் வெட்டவெளி.

அங்கேதான் குட்டிப் பேய் குடிவந்தது.

"இறங்கு" என்றாள் யேஷி.

"எதுக்கு இறங்கணும்? காலி இடம். நான் முதல்ல பார்த்தேன். எனக்குத்தான்!"

அது செய்த அட்டகாசம் கொஞ்சமல்ல. பட்டாணிக் குழம்பில் யேஷி இரண்டு தரம் உப்புப் போட்டாள். ஆட்டைத் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தம்பியை, "ஹை ஹை" என்று விரட்டினாள். அவள் தூதரிடம் முறையிட்டாள்.

"மகளே, என் காவல் உன் குதிகால்ல இருந்து நெற்றி வரைக்கும்தான். அதுக்கு நடுவுல இருக்கிறதை எவனும் ஒண்ணும் செய்ய முடியாது. அதுக்கு மேல எனக்குக் கண்ணு தெரியாது."

"உங்க தலைக்கு மேலயேதான் உட்கார்ந்திருக்கான்!"

"அப்படியா?" என்றார் தூதர். புருவம் ஏற்கெனவே மேலேதான் இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான், அறுவடைக் காலமான ஹிதார் மாதத்தில் ஒரு நாள் காலை, தம்பி தெஸ்ஸுவுக்கு உடம்பு கொதித்தது.

தெஸ்ஸுவுக்கு ஐந்து வயது. வாயை மூடாத பையன். அன்று வாயைத் திறக்கவே இல்லை. அம்மா வெர்கே அவன் நெற்றியைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"கோயில் ஊத்துக்குக் கொண்டு போகணும். குருவானவர் அபா கிதானே ஓதி ஊத்தினா எழுந்துடுவான். ஆனா நான் எப்படிப் போவேன்?" என்று அம்மா அழுதாள்.

அம்மாவின் மடியில் பிறந்து இருபதே நாளான தங்கச்சி தூங்கிக்கொண்டிருந்தாள். பெண் குழந்தை பெற்றவள் எண்பது நாள் கோயில் மண்ணை மிதிக்கக் கூடாது. அப்பா உப்பு மூட்டை ஏற்றப் பாலைநிலத்துக்குக் கழுதைகளோடு போயிருந்தார். அக்கம்பக்கத்தார் எல்லோரும் பள்ளத்தாக்கில் வாற்கோதுமை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அபாவை இங்கே கூட்டிட்டு வரட்டுமாம்மா?"

"முட்டி வலியோட அவர் பலிபீடம் வரைக்கும் போறதே பெருசு. இந்த மலை ஏறுவாராடி?"

"அப்போ நான் தம்பியைக் கூட்டிட்டுப் போறேன்."

"நடுவுல ஓடை இருக்கு. நீ போய்ச் சேரும்போது உச்சிப்பொழுது ஆயிடும்."

  உச்சிப்பொழுதில் ஓடை தண்ணீர்ப் பேய்களுக்குச் சொந்தம். எங்கள் ஊரில் ஆடுகூட அந்த நேரம் தண்ணீருக்குப் போகாது. ஆனால் சாயங்காலம் வரை தெஸ்ஸு தாங்குவானா என்பது யாருக்கும் தெரியாது.

யேஷி சுருளைக் கழற்றித் தம்பியின் கழுத்தில் போட்டாள். சுருளுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பெயர் வேற, மகளே. நான் வெறும் மை. எழுதியிருக்கிற பெயரைத்தான் என்னால காக்க முடியும். உனக்கே கட்டிக்கோ."

அவள் அழுகையை அடக்கிக்கொண்டு சுருளைத் தன் கழுத்திலேயே கட்டினாள். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

தெஸ்ஸு நன்றாகத்தான் நடந்தான், பாதி வழி வரைக்கும். ஓடைக்கரையில் அவன் கால் மடிந்துவிட்டது. "அக்கா, தூக்கம் வருது" என்று மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். சூரியன் நேர் மேலே நின்றது. தண்ணீர் ஓடியது, ஆனால் சத்தமே இல்லை. காற்று இல்லாமலே நாணல் ஆடியது.

தலைமேல் குட்டிப் பேய் கும்மாளம் போட்டது.

"ஹையா, எங்க ஆளுங்க எல்லாம் வந்துட்டாங்க! அதோ மாமா. அதோ பெரியம்மா. சுருள் இல்லாத பையனைப் பார்த்தா விடவே மாட்டாங்க!"

"நான் பக்கத்துல இருக்கேன்ல?"

"நீயா? உனக்கே மேல ஓட்டை. அந்த வாசல்ல நான் இருக்கேன். வா மாமான்னு கதவைத் திறந்து விட வேண்டியதுதான்."

யேஷி வந்த வழியைப் பார்த்தாள். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். அப்போது தம்பியின் மூச்சுச் சத்தம் கேட்டது. அவள் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"ஏறிக்கோடா."

போர்வையால் அவனை முதுகோடு சேர்த்துக் கட்டினாள். ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள். முழுதாக எழ முடியவில்லை. தெஸ்ஸு ஒல்லிதான், ஆனால் காய்ச்சல்காரப் பிள்ளை கல்லாகக் கனக்கும். குனிந்தபடியே ஓடையில் கால் வைத்தாள்.

"ஐயோ, நசுக்குது! ஏய், நிமிரு!" என்றது தலையில் இருந்த பேய்.

"எதுக்கு?"

"எதுக்கா? பத்து வயசுப் பொண்ணு இப்படிக் கூன் போட்டு நடந்தா நல்லாவா இருக்கு? பாவம், உனக்கு முதுகு வலிக்கும். அந்தக் கல்லு மேல அவனை இறக்கி வை. ஒரே நிமிஷம். நல்லா நிமிர்ந்து சோம்பல் முறிச்சுக்கோ, கண்ணு!"

கண்ணாம்! இத்தனை மாதத்தில் ஒரு நாளும் யேஷியின் முதுகைப் பற்றிக் கவலைப்படாத பேய் அது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். நாம் நிமிர வேண்டும் என்று இது ஏன் இப்படித் துடிக்கிறது? யேஷி யோசித்தாள். குனிந்தால் ஆள் குட்டையாகிவிடுகிறோம். எவ்வளவு குட்டை? ஒரு நாலு விரல் இருக்குமா?

அவள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

"மகளே!" என்று சுருளுக்குள் தூதர் கூவினார். "உன் உச்சி தெரியுது!"

பொத்தென்று ஒரு சத்தம். குட்டிப் பேய் தண்ணீரில் விழுந்தது.

"தம்பி? தம்பி தெரியுறானா?"

"உன் கழுத்துல ஒரு பொடியன் மூக்கைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கான். உன் குதிகாலுக்கும் உச்சிக்கும் நடுவுலதான் இருக்கான்."

"பெயர் வேறன்னு சொன்னீங்களே?"

"நீ சுமக்கிறதுக்குத் தனிப் பெயர் எதுக்கு? அதுவும் நீதான். நட, மகளே. நிமிராதே."

யேஷி நடந்தாள். குளிர்ந்த விரல்கள் அவள் கணுக்காலைத் தொட்டன. முழங்காலைத் தடவின. முதுகில் ஏறித் தம்பியின் போர்வையைத் தட்டிப் பார்த்தன. பையில் ஓட்டை எங்கே என்று எலி தேடுவது போலத் தேடின. நடு ஓடையில் ஒரு கல் வழுக்கியது. முதுகு, "நிமிர், நிமிர்" என்று கெஞ்சியது. யேஷி பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தே நின்று, அடுத்த அடியை வைத்தாள். அதற்கும் அடுத்த அடியை வைத்தாள்.

கால் மறுகரை மண்ணைத் தொட்டது. சலசலவென்று தண்ணீரின் சத்தம் திரும்பி வந்தது. அவ்வளவு இனிமையான சத்தத்தை அவள் அதற்கு முன் கேட்டதில்லை.

எங்கள் கோயில் ஒரே பாறையைக் குடைந்து செய்தது. பகலில் மனிதர்களும் இரவில் தேவதூதர்களும் செதுக்கினார்களாம். யார் அதிகம் செதுக்கினார்கள் என்று இன்றும் எங்கள் ஊரில் சண்டை நடக்கும். அந்தப் பாறையின் அடியில் ஊற்று. அங்கே குருவானவர் அபா கிதானே கையில் சிலுவையோடு உட்கார்ந்திருந்தார்.

"யாரது, பாதி உயரத்துல வர்றது?" என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பார்த்ததும் முட்டியை மறந்து எழுந்தார்.

ஓதினார். ஊற்றினார். முதல் குடத்துக்கு தெஸ்ஸு அசையவில்லை. இரண்டாவது குடத்துக்கு முனகினான். மூன்றாவதில் கோயிலே அதிர்ந்தது.

"குளிருது! விடுங்க! அபா கெட்டவரு!"

"திட்டுற அளவுக்குத் தெம்பு வந்துடுச்சு" என்று அபா சிரித்தார். "தேவதூதர் மிகாயேலே, உமக்குக் கோடி நன்றி."

தெஸ்ஸு ஈரத் தலையோடு சுற்றும் முற்றும் பார்த்தான். "அக்கா, பசிக்குது" என்றான்.

ஓடையில் அழாத யேஷி இப்போது அழுதாள். அப்போதுதான் அவள் முதுகையும் நிமிர்த்தினாள். அபா ஒரு கூடை வறுத்த வாற்கோதுமையைத் தம்பி மடியில் கொட்டினார். யேஷி சுருளைப் பிரித்து, "நன்றி" என்றாள். நிறையச் சொல்ல நினைத்திருந்தாள். அந்த ஒன்றுதான் வந்தது.

"இருக்கட்டும் மகளே" என்றார் தூதர். அவர் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. மை ஈரமாகியிருக்கலாம்.

வெயில் சாய்ந்தபின் திரும்பினார்கள். ஓடைக் கல்லின் மேல் குட்டிப் பேய் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. மாமாவும் பெரியம்மாவும் அதைத் திட்டிவிட்டுப் போய்விட்டார்கள் போல. யேஷி ஒரு பிடி வாற்கோதுமையை அதன் பக்கத்தில் வைத்தாள்.

"எதுக்கு இது?" என்றது பேய், சந்தேகமாக.

"நன்றிக்கு. நீ நிமிருன்னு கத்தலேன்னா குனியணும்னு எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"நான் உன்னைக் கெடுக்கத்தானே கத்தினேன்!"

"அது தெரியும். இருந்தாலும் நன்றி."

பேய் ஒரு மணியை எடுத்துக் கடித்தது. "எனக்கு யாரும் நன்றி சொன்னதே இல்ல" என்றது. பிறகு அவசரமாக, "மாமாகிட்ட சொல்லிடாதே. மானம் போயிடும்" என்றது.

"யாருகிட்ட பேசுறே அக்கா?" என்றான் தெஸ்ஸு.

"தெரிஞ்சவங்கடா" என்றாள் யேஷி.

எண்பதாம் நாள் தங்கச்சிக்கு ஞானஸ்நானம் நடந்தது. விருந்துக்கு அடித்த ஆட்டின் தோல் காய்ந்ததும் அம்மா எழுத்தர் ஸாஹ்லுவை வரவழைத்தாள். அவர் யேஷியை அளந்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நாலு விரல் குறையுதே! இத்தனை நாள் பொண்ணைத் தலை திறந்தபடியா விட்டு வெச்சீங்க? ஒரு துண்டு ஒட்டுப் போட்டுடறேன். அதுல என்ன எழுதட்டும்?"

"தம்பி பேரை எழுதுங்க ஐயா" என்றாள் யேஷி.

"உன் சுருள்ல அவன் பேரு எதுக்கு?"

"அவன் என் முதுகுல இருந்தப்போதான் இது எனக்குச் சரியா இருந்துச்சு."

ஸாஹ்லு பேனாவை மையில் தோய்த்தார். பிறகு அவசரமே இல்லாமல், அழகாக, கெப்ரே மர்யம் என்று தெஸ்ஸுவின் ஞானஸ்நானப் பெயரை எழுதினார். நாலு விரல் தோலில் அது கச்சிதமாக அடங்கியது. அம்மா யேஷியை இழுத்து உச்சியில் முத்தமிட்டாள். பேய் உட்கார்ந்திருந்த அதே இடத்தில்.

அடுத்த வருஷத்துக்குள் யேஷி இன்னும் மூன்று விரல் வளர்ந்துவிட்டாள். இந்த முறை அவளே கயிற்றை எடுத்து அளந்தாள்.

மூன்று விரல். தங்கச்சி பெயருக்கு அது தாராளமாகப் போதும்.