சீராகக் கறுத்த ஃபிலிம்

லாரஸ் நீட்டிய கடிதத்தைப் படித்ததுமே, கதிர்வீச்சு ஆய்வாளர் வுர்யானியின் உதவியாளன் தோகாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிலேகோன் பயிற்சி நிலையத்தில் அந்தப் பெண்ணின் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் படிப்பு முடிய மூன்றே வாரம். கதிர்வீச்சை அளக்க அவள் நெஞ்சில் குத்தும் பேட்ஜின் ஃபிலிம், ஓராண்டுக்கு அனுமதித்த அளவை ஒரே மாதத்தில் வாங்கியிருந்ததாம். கவனக்குறைவு என்று வெளியேற்றிவிட்டார்கள். இனி எந்த ஆலையும் அவளைச் சேர்க்காது.

"எக்ஸ்ரே ஓடுறப்ப நான் கதவுக்கு வெளியிலதாம்மா நின்னேன்," என்றாள் லாரஸ்.

வுர்யானி நிதானமாகக் கேட்டார். "பாடம் முடிஞ்சதும் பேட்ஜ எங்க வைப்பீங்க?"

"வகுப்பு வாசல் பலகைல. லீவு நாள்லயும் அங்கதான் தொங்கும்."

மூவரும் நிலையத்துக்குப் போனார்கள். ஆசிரியர் டார்சோனோ மல்லிகைத் தேநீர் கொடுத்து உபசரித்தார். அவருக்குப் பின்னால் கரும்பலகையில் அவர் கையெழுத்து: 'உன் பேட்ஜ் உன் உயிர்.'

"இந்தப் பொண்ணுக்கு எல்லாத்துலயும் அவசரம்மா. தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கல. என் ஃபிலிமப் பாருங்க, மூணு மாசமா சுத்தம்."

வுர்யானி அவர் ஃபிலிமையும் லாரஸின் ஃபிலிமையும் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"தோகார், பேட்ஜுக்குள்ள ஈயத்துண்டு எதுக்கு?"

"எக்ஸ்ரேன்னா ஈயம் மறைச்ச இடம் வெளுத்திருக்கும். கனமான குழாய்களப் படம் எடுக்கிற இரிடியத்தோட கதிர்னா ஈயத்தையும் துளைச்சிடும், ஃபிலிம் முழுக்கக் கறுத்துடும்," என்றான் தோகார்.

லாரஸின் ஃபிலிம் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே கறுப்பு.

"நீ இரிடியத்தைத் தொட்டிருக்கியாம்மா?" என்று அவளிடம் கேட்டார் வுர்யானி.

"அது கடைசி வாரப் பாடம். அது இருக்கிற பெட்டிச் சாவி சார்கிட்ட."

டார்சோனோவின் கரண்டி தேநீரில் நின்றது.

"சாவி உங்ககிட்ட, லீவு நாள்ல இவ பேட்ஜ் பலகைல. ஞாயித்துக்கிழமைகள்ல காசுக்கு ஆலைக் குழாய்கள இரிடியத்தால படம் எடுக்கப் போறீங்க," என்றார் வுர்யானி. "பேட்ஜ் இல்லாம வாசல்ல விடமாட்டான். பேரை எவனும் பாக்க மாட்டான். உங்க பேட்ஜ்ல அளவு ஏறினா வருஷ வரம்பு முடிஞ்சு வேலை நின்னுடும். அதான் இவளோடத மாட்டிக்கிட்டீங்க. தினம் மெஷின் பக்கத்துல நிக்கிறவர் ஃபிலிம் இப்படிப் பளிச்சுன்னு இருக்குமா? அது பீரோவுலயே கிடந்திருக்கு."

"படிக்க வந்தவதானேம்மா," என்றார் டார்சோனோ, குரல்கூட மாறாமல். "வேற வேலை பாத்துக்குவா. எனக்குக் குடும்பம் இருக்கு."

அந்த ஆள் கொடுத்த தேநீர் வாயில் இருப்பதே தோகாருக்கு அருவருப்பாக இருந்தது. எழுந்துபோய் ஜன்னலுக்கு வெளியே துப்பினான்.

"முன்னாடி இதே மாதிரி வெளியேத்தினவங்க ஃபிலிமையும் எடு, தோகார்," என்றார் வுர்யானி.

பீரோவில் நான்கு கிடைத்தன. நான்கும் சீராகக் கறுத்திருந்தன. கடைசி உறையில் இருந்த பெயரை லாரஸ் விரலால் தடவினாள்.

"எண்டாங் அக்கா. பஸ் ஸ்டாண்டுல வாழைப்பழ பஜ்ஜி போடுறாங்க. தன் தப்புதான்னு இன்னமும் சொல்லிட்டிருக்காங்க."